புளிச்சிடுச்சு

பியர் ஆலையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் அவளை 'நாகம்மா மேடம்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பழைய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அது நாகம்மா அல்ல, நாக்கம்மா. பெயரும் அல்ல, பட்டம். ஆலையில் காய்ச்சுகிற பியர் ஒவ்வொன்றையும் ருசி பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்வது அவள் வேலை. கல்யாணமான புதிதில் 'நாக்கு நீளம்' என்று புருஷன் வீட்டார் புகார் சொன்னார்களே, அதே நாக்குதான். வீட்டில் குறையாக இருந்தது வேலையிடத்தில் தகுதியாகிவிட்டது. உலகத்தில் பாதி உத்தியோகம் இப்படித்தான் கிடைக்கிறது.

பாட்டில் கழுவும் பிரிவில் சேர்ந்து, ருசி பார்ப்பதற்கென்றே இருக்கிற படிப்பைப் படித்து, முதல் தடவை தேர்வில் கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை தேறியவள். சான்றிதழ் ருசி அறைச் சுவரில் தொங்குகிறது. அந்த அறை மாடியில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, வாசனையில்லாத சோப்பு, உப்பில்லாத ரொட்டித் துண்டுகள். சென்ட் போட்டுக்கொண்டு யாராவது உள்ளே காலெடுத்து வைத்தால் நாக்கம்மா பார்க்கிற பார்வையில் அந்த சென்டே ஆவியாகிவிடும். தரையின் ஒரு மூலையில் சதுரமாக ஒரு திறப்பு. எந்தக் காலத்திலோ மூட்டை தூக்குவதற்காக வெட்டியது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் கீழே டேங்குகளின் தலைகளும், டேங்குகளுக்கு நடுவில் சின்னவனின் தலையும் தெரியும்.

சின்னவன் அவளுடைய கொழுந்தன். புருஷனின் தம்பி. அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட, தாயில்லாத பையன். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுபவர், பாதி வாழ்க்கையை லாரியோடு குடும்பம் நடத்துகிறவர். ஆகவே சோறு போட்டதும் ஜுரத்துக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும் அண்ணிதான். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். "என்ன அண்ணி?" என்று திருப்பிக் கேட்டால் அன்று முழுக்க வீடு தாங்காது. சின்னவன் புத்திசாலி, சீக்கிரமே கற்றுக்கொண்டான். அண்ணி வாயைத் திறக்கும்போதே காலைத் தூக்கிவிடுவான். முப்பத்தைந்து வயதாகி, கல்யாணப் பேச்சிலிருந்து வருஷா வருஷம் நழுவிக்கொண்டு, அவள் சொல்லித்தான் இந்த ஆலையில் வேலைக்கும் சேர்ந்தான். வீட்டிலும் அவள் சொல்தான் கேட்டான், ஆலையிலும் அவள் சொல்தான்.

ஆலையில் அவள் சொல்வதும் இரண்டே சொல். நன்றாக இருந்தால் "ஓடட்டும்" என்பாள். அந்த டேங்க் பாட்டில் பிரிவுக்கு ஓடும். கெட்டிருந்தால் "புளிச்சிடுச்சு" என்பாள். அடுத்த நிமிடம் அடிவால்வைத் திறந்து அத்தனையையும் வடிகாலில் விட்டுவிட வேண்டும். ஏன் இத்தனை அவசரம் என்றால், ஒரு முறை புளித்த டேங்கை மத்தியானம்வரை வைத்திருந்ததில் அந்தக் கிருமி குழாய் வழியே நடந்துபோய் அக்கம்பக்கத்து டேங்குகளையும் பிடித்துக்கொண்டது. அன்று முதலாளி போட்ட சட்டம்தான் இது. நாக்கம்மா சொல்ல வேண்டியது, சின்னவன் திறக்க வேண்டியது, நடுவில் பேச்சு கிடையாது. அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இதைவிடப் பொருத்தமான சட்டத்தை யாராலும் போட்டிருக்க முடியாது.

இந்த ஒழுங்கைக் கெடுக்க வந்து சேர்ந்தான் பெல்ஜியத்தான். ஆளில்லை, ஒரு மரப் பீப்பாய். ஆளைவிட உயரம். காய்ச்சுகிற மாஸ்டர் வெளிநாட்டில் வேலை பழகிவிட்டு வந்தவர். பெல்ஜியத்துப் பாணியில் ஒரு பழுப்பு பியர் போட வேண்டும் என்று முதலாளியைக் கரைத்துக் கரைத்துச் சம்மதிக்க வைத்திருந்தார். மற்ற பியர் புளித்தால் குப்பை. இந்த பியர் புளிக்காவிட்டால்தான் குப்பை. மரப் பீப்பாயில் இரண்டு வருஷம் அசையாமல் கிடந்து, தானாகப் புளித்து, பிறகு இளசான பியரோடு கலந்து பாட்டிலுக்குப் போக வேண்டும். அந்தக் கிருமி மற்ற டேங்குகளுக்குப் போய்விடக்கூடாது என்று பின்பக்கத்தில் தனி அறை, தனிக் குழாய், தனி பூட்ஸ். சாவி சின்னவன் இடுப்பில். அவன் தினமும் அந்தப் பீப்பாயைத் துடைத்தான், தடவினான், பலகை இடுக்குகளுக்கு மெழுகு பூசினான். பெண் பார்க்கப் போகச் சொன்னால் மட்டும் வேலை இருக்கிறது என்பான்.

நாக்கம்மாவுக்கு முதலில் இந்த பியரைக் கண்டாலே ஆகவில்லை. மாஸ்டர் மாதிரிக்கு வாங்கி வந்திருந்த வெளிநாட்டு பாட்டிலை ஒரு வாய் வைத்தவள் நேரே தொட்டிக்குப் போய்த் துப்பினாள். புளிப்பு என்றால் துப்பு என்று இத்தனை வருஷம் பழக்கி வைத்த நாக்கு. மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இதில் இரண்டு புளிப்பு இருக்கிறது, தயிரின் புளிப்பு ஒன்று, வினிகர் மாதிரியான காடியின் புளிப்பு ஒன்று, தயிர் வர வேண்டும், காடி ஒரு சிட்டிகை இருந்தால் அழகு, அதற்குமேல் போனால் ஊறுகாய்க்குத்தான் ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். வாரம் ஒரு மிடறாக அவள் பழகினாள். எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. பெல்ஜியத்தானின் முறை வருகிற நாளில் காலையில் காபியைக்கூட நிறுத்திவிட்டு வர ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் மாஸ்டரோடு ஒத்துப்போகவில்லை.

"அக்கா, இதுக்கு மட்டும் வேற சொல் வெச்சுக்கலாம்" என்றார் அவர் ஒரு நாள். "தயாரானா 'பழுத்திடுச்சு'ன்னு சொல்லுங்க."

"இது என்ன மாம்பழமா?" என்றாள் நாக்கம்மா. "இத்தனை வருஷமா நான் சொல்ற சொல் எனக்குத் தெரியும் தம்பி. பியரை நீங்க பாத்துக்குங்க, பேச்சை நான் பாத்துக்கறேன்."

மாஸ்டர் மேலும் ஓரிரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவள் அதைப் பாட்டில் பிரிவுப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பியர் பழுக்கிறதாம், நாளைக்குக் காய்க்கிறது, பூக்கிறது என்று சொல்லச் சொல்வார் என்றாள். உண்மையில் அவளுக்கு உறுத்தியது வேறு. சொல்லிக்கொடுக்க ஒருத்தர் வந்துவிட்டாரே என்பதுதான்.

இரண்டாம் வருஷக் கோடையில் வெயில் வெளுத்து வாங்கியது. பீப்பாயின் ஒரு பலகை காய்ந்து சுருங்கி, இடுக்கில் பியர் கசிந்தது. சின்னவன் அடைத்துவிட்டான். ஆனாலும் காற்று உள்ளே போயிருக்கும். காற்று போனால் காடி பிடிக்கும். மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, காடி பிடித்துவிட்டது என்று தெரிந்தால் ஒரு கணமும் வைத்திருக்காதே, அது மற்ற அறைக்குப் பரவினால் ஆலையே போய்விடும் என்று எச்சரித்து வைத்தார். சின்னவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் மாதிரி எடுத்து ஜாடியை மாடிக்கு அனுப்பிவிட்டு, திறப்புக்குக் கீழே நின்று அண்ணாந்து கேட்பான்.

"புளிச்சிடுச்சா அண்ணி?"

"இன்னும் இல்லை" என்பாள் அவள்.

அவன் நிம்மதியாக மூச்சு விடுவான். அவள் ஏமாற்றமாக மூச்சு விடுவாள். அவன் கேட்டது காடி பிடித்துக் கெட்டுவிட்டதா என்று; தயாரானால் 'ஓடட்டும்' என்பாள் என்றுதான் அவன் இருந்தான். அவள் சொன்னது இன்னும் தயாராகவில்லை என்று. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை. வாரா வாரம் அதன்மேல் நடந்துபோய் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காலையில் முதலாளியும் மாஸ்டரும் ஆலையில் இல்லை. இந்த பியருக்கென்று தனி பாட்டில் தேர்ந்தெடுக்கக் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போயிருந்தார்கள். பெரிய போட்டி ஒன்றுக்கு இதை அனுப்புவதாக முதலாளி பெயர் கொடுத்தாகிவிட்டது. நாலு டேங்க் வைத்திருக்கிற சிறிய ஆலை இது ஒன்றால் பெயர் வாங்கிவிடும் என்று அவர் நம்பினார். ஜாடி மாடிக்கு வந்தது. நாக்கம்மா வாயைக் கொப்பளித்தாள். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, உள்ளங்கையால் அணைத்துப் பிடித்து, குளிர் போகக் காத்திருந்து, முகர்ந்தாள். பிறகு ஒரு வாய்.

வந்துவிட்டது. இத்தனை மாதம் வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிய புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாஸோடு எழுந்து போய்த் திறப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்துச் சொன்னாள்.

"புளிச்சிடுச்சு."

சின்னவன் தலை விலகுவது தெரிந்தது. அவள் மேஜைக்குத் திரும்பி இரண்டாவது வாயை வைத்துக் கண்ணை மூடினாள். கீழே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பாட்டில் கழுவுகிறார்கள் என்று நினைத்தாள். மூன்றாவது வாய் வைக்கும்போது அறை முழுக்க அந்த வாசனை. ஒரு கிளாஸிலிருந்து இவ்வளவு வாசனை வருமா என்று யோசித்தாள். வராது என்று தெரிந்ததும் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள்.

படியில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. பின் அறையின் தரையெல்லாம் பழுப்பு நுரை. வடிகால் மூச்சு முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் வால்வைத் திருகி மூடினாள். ஏணியில் ஏறி மேல்வாய் வழியே எட்டிப் பார்த்தால் அடியில் கசடு மட்டும். சின்னவன் வெந்நீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"போச்சு அண்ணி" என்றான். "ஆனா நான் ஒரு நிமிஷம்கூட வைக்கலை. நீங்க சொன்னதும் திறந்துட்டேன்."

பாராட்டுவாள் என்று எதிர்பார்க்கிற முகம்.  சரிடா என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனாள். 

மேஜைமேல் ஜாடியில் பாதி இருந்தது. இரண்டு வருஷத்தில் மிச்சம் அவ்வளவுதான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். இதையும் கொட்டிவிட்டால் அந்த பியர் எப்படி இருந்தது என்று சொல்ல உலகத்தில் சாட்சி கிடையாது. காடி பிடித்துவிட்டது, கொட்டினோம், முடிந்தது. ஜாடியைச் சாய்க்கவும் செய்தாள். விளிம்புவரை வந்தது. அதற்குமேல் கை போகவில்லை. கெட்டது என்று நாக்கு சொல்லாத மாதிரியை அவள் கை ஒரு நாளும் கொட்டியதில்லை. திரும்பவும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது.

முதலாளி கத்துகிற மனிதர் இல்லை. கத்தினால் பரவாயில்லை என்று தோன்றுகிற மாதிரி அமைதியாக இருப்பார். பின் அறையைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தார். மாஸ்டர் பின்னாலேயே வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் கண்ணாடித் தொழிற்சாலையில் மாதிரிக்குக் கொடுத்த பாட்டில் ஒன்று, கீழே வைக்கவும் தோன்றாமல். சின்னவன் ஈர பூட்ஸோடு கதவுக்கு வெளியே நின்றான்.

யார் திறந்தது என்று முதலாளி கேட்டார். நான்தான் சார், அண்ணி புளிச்சிடுச்சுன்னு சொன்னாங்க என்றான் சின்னவன். முதலாளி தலையை ஆட்டினார். போன வாரம்கூட நன்றாக இருந்தது சார், காடி பிடிக்கவே இல்லை என்று மாஸ்டர் தரையிலிருந்து சொன்னார். முதலாளி அவர் பக்கம் திரும்பவில்லை.

"இந்த பியர் உங்க புள்ளை மாதிரி, அதை நீங்க குறை சொல்ல மாட்டீங்க மாஸ்டர்" என்றார். பிறகு ஜாடியைக் காட்டினார். "இதுதானே காலையில எடுத்தது? அம்மா, மறுபடி ருசி பாருங்க. கெட்டிருந்தா, கொட்டினவன் செஞ்சது சரி. ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னவர் எனக்குப் பதில் சொல்லணும். நல்லா இருந்தா, கொட்டினவன் பதில் சொல்லணும். யாரா இருந்தாலும் நாளைக்கு இந்தக் கட்டடத்துல இருக்க மாட்டாங்க."

ருசி பார்ப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்று கிளாஸைத் தூக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொப்பளித்தாள். ரொட்டித் துண்டை மென்றாள். வெளிச்சத்தில் பிடித்தாள். பழுப்பில் சிவப்பு ஓடியது, நுரை ஓரத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்தாள். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, கருகப்போகும் நேரத்தில் இறக்கிய சர்க்கரை, அதற்குப் பின்னால் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம். அதற்கும் பின்னால், மிக மெல்லிசாக, காடி.

அந்தக் காடிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு சிட்டிகை இருந்தால் அழகு, அதற்குமேல் போனால் கெட்டது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது ருசி பார்ப்பவளின் நாக்கில் இருக்கிறது. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். முழுப் பொய்கூட இல்லை. 'காடி ஏறிடுச்சு சார்' என்று இரண்டு வார்த்தை. சின்னவன் செய்தது சரியாகிவிடும், அவள் சொன்னதும் சரியாகிவிடும். தரையில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் நாளைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். அவள் தீர்ப்பை எதிர்த்துப் பேச இந்த ஊரில் வேறு நாக்கு கிடையாது. அவர் யார், அவளுக்கு அண்ணனா தம்பியா? கதவுக்கு வெளியே நிற்பது அவள் சோறு ஊட்டிய பிள்ளை.

ஒரு வாய் வைத்தாள்.

பியர் ஜாடியில் நின்று நின்று இன்னும் கொஞ்சம் இளகியிருந்தது. முதலில் இனிப்பு வந்தது, பின்னாலேயே புளிப்பு வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் சண்டை போடவில்லை. விழுங்கிய பிறகு நாக்கு சுத்தமாக இருந்தது, இன்னொரு வாய் கேட்டது. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்காதா என்று அவள் ஓரத்திலும் அடியிலும் தேடினாள். கிடைக்கவில்லை. அந்த மரப் பீப்பாய் இரண்டு வருஷம் மூச்சடக்கிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாய்க்காகத்தான் என்று அவளுக்கு அழுகை வந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேச எத்தனையோ பேருக்கு வருகிறது. அவளுக்கு வரவில்லை. அதற்காக அவளைப் பெரிய உத்தமி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நாக்கை அப்படிப் பழக்கிவிட்டாள், அவ்வளவுதான்.

"நல்லா இருக்கு சார்" என்றாள். "இந்தக் கட்டடத்துல நான் குடிச்சதுலயே இதான் நல்ல பியர்."

மாஸ்டர் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். முதலாளி கதவுப் பக்கம் திரும்பினார். சின்னவன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரிய ஆரம்பித்த முகம். புரிந்து முடிவதற்குள் நாக்கம்மா அவசரமாகப் பேசினாள்.

"அவனைக் கேக்காதீங்க. கொட்டணும்னுதான் நான் சொன்னேன். கெட்டுப்போச்சுன்னுதான் சொன்னேன்."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "இப்ப நல்லா இருக்குன்னு சொல்ற நாக்கு, காலையில கெட்டுப்போச்சுன்னு சொல்லிச்சா?"

"ஆமா."

"ஒரே ஜாடியை."

"ஆமா சார். காலையில தப்பு பண்ணிட்டேன்."

அறையில் இருந்த எல்லாருக்கும் இதன் அர்த்தம் தெரியும். நல்ல பியரைக் கெட்டது என்று கொட்டச் சொன்ன நாக்கை வேறு எந்த ஆலையும் படியேற விடாது. சுவரில் தொங்குகிற சான்றிதழைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். மாஸ்டரும் பிழைப்பார், பிள்ளையும் பிழைப்பான். முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்படியானால் இந்த நாற்காலியில் நீங்கள் இனி உட்கார முடியாது அம்மா என்று மெதுவாகச் சொன்னார். அவள் சரியென்று எழுந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

"அவங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க சார்" என்றான் சின்னவன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் உள்ளே வரவில்லை. ஈர பூட்ஸோடு ருசி அறைக்குள் வரக்கூடாது என்பது விதி.

"வாயை மூடுடா" என்றாள் நாக்கம்மா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அவள் முகத்துக்கு நேரே அவள் சொன்னதை மீறினான்.

"கெட்டுப்போனதைச் சொல்லும்போது அண்ணி குரல் அப்படி இருக்காது. எனக்குத் தெரியும். இன்னைக்குச் சிரிப்பு இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. என்னடா இதுன்னு ஒரு செகண்ட் தோணிச்சு. தோணியும் திறந்துட்டேன்."

"தோணிச்சுன்னா ஏன் திருப்பிக் கேக்கலை?" என்றார் முதலாளி.

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். பதில் சொல்ல வெட்கப்பட்டான்.

"திருப்பிக் கேட்டா அவங்களை நம்பாத மாதிரி ஆயிடும் சார். அண்ணிகிட்ட நான் எதையும் திருப்பிக் கேட்டதில்லை."

 யாரும் நாக்கம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். இருபத்தைந்து வருஷமாக அடுப்படியில் நின்று அவள் கட்டிய சுவர் அது. அந்தச் சுவரில்தான் அந்தப் பிள்ளை இன்று போய் முட்டிக்கொண்டு நிற்கிறான். மாஸ்டர் 'பழுத்திடுச்சு' என்று சொல்லச் சொன்னபோது ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றிருந்தால் போதும். அதுவும் நினைவுக்கு வந்தது.

முதலாளி வெகுநேரம் யோசிக்கவில்லை. அவர் வைத்த நியாயப்படி, நல்ல பியரைக் கொட்டியவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவும் சந்தேகப்பட்டுவிட்டே கொட்டியவன். சாவியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சின்னவன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான். நாக்கம்மா தன் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றப் போனாள். முதலாளி அதை மட்டும் தடுத்தார். நாக்கு சரியாகத்தான் இருக்கிறது அம்மா, அதற்கு நான் என்ன குறை சொல்ல என்றார். அவளுக்கு அன்று கிடைத்ததிலேயே கொடிய தண்டனை அந்தப் பாராட்டுதான்.

சின்னவன் இப்போது ஒரு பெயின்ட் கிடங்கில் டப்பா அடுக்குகிறான். நாக்கம்மா ஆலையில்தான் இருக்கிறாள். கீழே வேறொருவர் நிற்கிறார். மாஸ்டர் அதே பீப்பாயில் மறுபடி போட்டிருக்கிறார். அது புளிக்க இன்னும் வெகுகாலம் ஆகும். சின்னவன் வீட்டில் யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டில் கோபத்தைக் காட்டவில்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கதவைச் சாத்துடா என்றால், "தாழ் போடவா, சும்மா சாத்தவா அண்ணி?" என்கிறான். தண்ணி வை என்றால், "குடிக்கவா, குளிக்கவா?" என்கிறான். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவனாக இருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மறுபடி தப்பு நடந்துவிடக் கூடாதே என்று நிஜமாகவே பயந்து கேட்கிறான். லாரியிலிருந்து இறங்கி வந்த புருஷன் ஒரு தடவை இதைக் கேட்டுவிட்டுக் கிண்டல் செய்ய வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஒரு நாள் காலையில் எதற்கோ அவனிடம் சத்தம் போட்டாள். போட்ட உடனேயே வருத்தமாகிவிட்டது. அவன் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். நாக்கம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். இந்த வீட்டில் யாரிடமும் அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடுடா."

சின்னவன் நிமிர்ந்தான். பயந்துபோன மாதிரி அவளைப் பார்த்துக் கேட்டான்.

"இப்ப சத்தம் போட்டதுக்கா அண்ணி, இல்லே அதுக்கா?"

 நாக்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் காத்துக்கொண்டு நின்றான்.

"அதுக்குத்தான்" என்றாள்.

அவன் சரியென்று தலையை ஆட்டினான். பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.